பூவாடைப் புடவை இருந்த இடம்

படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம், மற்றவர்கள் அச்சடித்ததைச் சுவரில் ஒட்டியதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுகிற ஆள். அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்ததற்குக் கௌசல்யாதான் காரணம். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு, படம் செய்கிற எங்கள் டீச்சரிடம் வேலைக்குச் சேர்ந்த பெண் அவள். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணா, பசை எப்படிக் காய்ச்சறதுன்னு எழுதிக் குடுங்க."

"அதான் சென்னையிலிருந்து டப்பா டப்பாவா வருதாமே."

"வருதுங்க. நல்லாவும் ஒட்டுது. ஆனா டீச்சர் பிரிச்சுடுன்றாங்க. பிரிய மாட்டேங்குது."

சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

தை மாதத்திலிருந்து நான் வேலைக்குப் போவதில்லை. சுண்ணாம்பிலும் மயில்துத்தத்திலும் கிடந்து விரல்கள் வெடித்துவிட்டன. ஈர வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு இது ஓய்வு என்று வீட்டில் சொல்கிறார்கள். கை ஓய மாட்டேன் என்கிறது. எதிலாவது ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் விரல் தானாக அங்கே போய்விடுகிறது. காலண்டர் அட்டை, மருந்து பாட்டிலின் சீட்டு, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் ஒட்டிய படம் வரை உரித்துப் பார்த்தாயிற்று. "ஒரு எடத்துல உக்காருய்யா, வூட்டுச் செவுத்தச் சொரண்டிக்கினு" என்று என் மனைவி வசந்தா தினமும் சொல்கிறாள்.

கௌசல்யாவுக்குப் பசைக் குறிப்பு மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அது ஏன் பிரிய வேண்டும் என்பதைச் சொல்லாமல் பசையைப் பற்றிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவன். விடியும் முன்பே வேலை முடிந்துவிடும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சுவரில் பல வருடத்துப் போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கனத்துத் தொங்கின. அதைப் பாளமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முடியில் பென்சில் செருகியிருந்தது.

"அதக் குப்பையில போடாதீங்க. எனக்கு வேணும்."

"எதுக்குங்க?"

"தெரியல. பாத்தாத்தான் தெரியும்."

அவர்தான் தனலட்சுமி டீச்சர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் எடுத்துவிட்டு, அந்த வேலையை விட்டவர். தியாகதுருகம் சாலையில் அவர் அப்பா நடத்தி மூடிய ரைஸ் மில் இருந்தது. அதில்தான் படம் செய்துகொண்டிருந்தார். வரைந்துகொண்டிருந்தார் என்று சொல்ல வரவில்லை. அங்கே வரைவது கம்மி. துணி, சாக்கு, தகரம், மண், காகிதம் எல்லாவற்றையும் அடுக்கி ஒட்டி, கிழித்து, சுரண்டிச் செய்கிற படங்கள். அந்தப் பாளத்தை ஆட்டோவில் ஏற்றிக் கொடுக்கப் போனவன், மறுவாரமே அங்கே வேலையாளாகிவிட்டேன். ஒரு வருடம் எதற்கெல்லாமோ திட்டு வாங்கினேன். கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஊரில் எங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. டீக்கடையில் கேட்பார்கள். "மில்லுல இன்னாப்பா அரைக்கிறீங்க இப்ப?" "பழைய பொடவ அரைக்கிறோம்" என்று நானே ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அதுவே பெயராகிவிட்டது.

டீச்சர் உட்கார மாட்டார். சோற்றைக்கூட நின்றபடி, தட்டைக் கையில் ஏந்தி, நெல் காயவைத்த களத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவார். காலையில் வந்ததும் முந்தின நாள் ஒட்டியதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். கிட்டே வந்து மோந்து பார்ப்பார். விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். பென்சில் முடியிலிருந்து கைக்கு வரும். பிறகு, "பிரிச்சுடுங்க சேகர்."

என் வேலையில் பாதிக்கு மேல் அதுதான். ஒட்டுவது ஒரு நாள், உரிப்பது இரண்டு நாள். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியதைத்தான் முதலில் உரிக்கச் சொல்வார். ஏன் என்று கேட்டதில்லை. ஒருமுறை அவரே சொன்னார்: "நல்லாருக்குன்னு தோணுதுன்னா, அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சதுன்னு அர்த்தம்." எனக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனால் அந்த அமைதியின்மை தொற்றுநோய் மாதிரி எனக்கும் வந்துவிட்டது.

பிரிக்க வேண்டுமானால் பசை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மைதா பசை பூச்சி பிடிக்கும், காய்ந்தால் பொருக்காக உதிரும். அதனால் மரவள்ளிக் கிழங்கு மாவுக்கு வந்தோம். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். வேறு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, அதில் இதை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். பால் நிறத்தில் இருப்பது ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடியாக மாறும். அப்போதே இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தால் நீர்த்துப்போகும். ஒரு சிட்டிகை மயில்துத்தம், பூச்சிக்காக. பழைய வேட்டியில் வடிகட்டி, ஆறிய பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்தால் நூல் வர வேண்டும். கௌசல்யா, உனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

எத்தனையோ செய்து பார்த்தோம். கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை பஸ்ஸில் போய்க் கடுக்காய் வாங்கி வருவேன். அதை இடித்து ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரைச் சேர்த்தால் கருப்பு வரும். கடையில் விற்கிற எந்தக் கருப்பும் கிட்டே நிற்காது. ஒரு வருடம் கழித்து அந்தக் கருப்பு பூசிய துணியெல்லாம் தானாக நொறுங்கி விழுந்தது. நான் பயந்துபோய்ச் சொன்னேன். டீச்சர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "இன்னும் காய்ச்சுங்க" என்றார். இன்னொரு முறை, களத்தில் காயப்போட்டிருந்த படத்தைப் பக்கத்து வீட்டு ஆடு பாதி தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், படத்தைத் தின்று ஆடு கழிகிறது என்று. மயில்துத்தம் போட்ட பசையா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட டீச்சர், இல்லை, அன்று துத்தம் தீர்ந்திருந்தது என்றதும்தான் மூச்சு விட்டார். ஆடு கடித்த ஓரத்தை அப்படியே சட்டத்தில் மாட்டினோம்.

பழைய புடவைகளுக்குத் தனி முறை இருந்தது. துவைத்த புடவை டீச்சருக்கு வேண்டாம். வியர்வை, எண்ணெய், சமையல் கறை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். "தொவைச்சா துணிக்கடைத் துணி ஆயிடுது" என்பார். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர், கரும்பு வெட்டுகிறவர், ஊரில் கேட்டு வாங்கி மொபெட்டில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடுவார்.

ஒரு கோடையில் ஒரு பெரிய படம் செய்தோம். ஆள் உயரத்துக்கு மேல். மில்லின் பெரிய கதவு இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். அடியில் சாக்கு, அதன்மேல் புடவைகள், செம்மண், தகரம், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நடுவில் மேலடுக்குகளைக் கிழித்துத் திறந்துவிட்டார் டீச்சர். உள்ளே ஒரு பச்சைப் புடவை தெரிந்தது, அரக்குக் கரை. அதன் மடிப்பில் மஞ்சளும் குங்குமமும் ஊறி ஊறி, உள்ளங்கை போல விரிந்த ஒரு கறை. சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் அது மட்டும் உயிரோடு இருந்தது.

அன்று டீச்சர் நாற்காலி கேட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாளும் பிரிக்கச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சென்னையில் ஒரு கண்காட்சியில் அதற்கு ஒரு சுவரையே ஒதுக்கியிருந்தார்கள்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் காலை, ஏழுமலை மூட்டை இல்லாமல் வந்தார். பின்னால் அவர் மனைவி அஞ்சலை. ஏழுமலை மொபெட்டை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அஞ்சலைதான் பேசினார்.

"டீச்சரம்மா, இந்த மனுஷன் பழைய வூட்ட இடிக்கறப்ப பொடவ மூட்ட ஒண்ணு குடுத்தாராமே. அதுல எங்க மாமியார் பொடவ வந்துட்டுதுங்க. பூவாடப் பொடவ."

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமங்கலியாக இறந்துபோன பெண்ணின் புடவையைப் பெட்டியில் வைத்து வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அதை எடுத்து வைத்துப் படைப்பார்கள்; அதைத்தான் பூவாடை போடுவது என்பார்கள். அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் பந்தக்கால்.

"பெட்டிய கறையான் புடிச்சிட்டுதுங்க" என்றார் ஏழுமலை, மொபெட்டைப் பார்த்தபடி. "பொடவைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதேன்னு வெளிய எடுத்து வெச்சேன்."

"எடுத்து வெச்சாரு. மூட்டமேல எடுத்து வெச்சாரு" என்றார் அஞ்சலை. "வெள்ளிக்கெழம பூவாட போடணும்ங்க. திங்கக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம். அவங்க இல்லாம நான் எப்பிடிப் பந்தக்கால் நடுவேன்?"

"என்ன கலர்?" என்று டீச்சர் கேட்டார்.

"பச்சைங்க. அரக்குக் கர. மடிப்புல மஞ்ச குங்குமம் இருக்கும்."

நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் போயிருப்பார்கள். டீச்சரின் கை பென்சிலைத் தேடித் தலைக்குப் போனது, பிறகு கீழே இறங்கியது.

"உள்ள வாங்க" என்றார்.

அஞ்சலை செருப்பை வெளியே விட்டார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டார். ஏழுமலையும் பின்னால் விழுந்தார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நாள் முழுக்கத் தட்டியும் சுரண்டியும் கை வைத்த படம் அது. அதற்குப் பக்கத்தில் நிற்கவே கூசியது.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "பட்டுலயே ஒரு புடவை எடுத்துக் கொடுத்துடறேனே?"

"புதுசு நாங்களே எடுத்துட்டோம்மா. அவங்களுக்குப் படைக்கத்தான் புதுசு. யார் முன்னால வெச்சுப் படைக்கறது?"

ஏழுமலைக்கு ஒரு யோசனை வந்தது. "படத்தையே ஒரு வண்டில ஏத்திக் குடுங்க டீச்சர். வூட்டாண்ட வெச்சுப் படைச்சிட்டுத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"நீ கட்டன வூட்டு வாசல்ல கட்டிலே நொழையல. இது நொழையுமா?" என்றார் அஞ்சலை.

டீச்சர் வெளியே போனார். களத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் பின்னாலேயே போனேன். அவர் திரும்பும்போதெல்லாம் வழி விட்டேன்.

"நாளைக்கு வண்டி, சேகர்."

"ஆமாங்க."

"பிரியுமா?"

"நடுவுல கெழங்குப் பசைதாங்க. ஓரத்துலதான் கடையில வாங்கன வெள்ளப் பசை கலந்தோம்."

"அது எனக்கும் தெரியும். பிரியுமான்னு கேட்டேன்."

"பிரியுங்க. ஆனா தண்ணி வெச்சுத்தான் ஆவணும். சுத்திச் சுண்ணாம்பு இருக்குது."

அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் மஞ்சளில் பட்டால் மஞ்சள் இருக்காது. புடவையை எடுத்தால் படம் போய்விடும். அவர்கள் கைக்குப் போகிற புடவையும் அவர்கள் தந்த மாதிரி இருக்காது. டீச்சர் இன்னொரு முறை களத்தைச் சுற்றிவிட்டு நேராக அஞ்சலையிடம் போனார்.

"எடுக்கலாம்மா. ஆனா கிழிஞ்சாலும் கிழியும். அந்த மஞ்சள் கறை சிவந்துடும். சுண்ணாம்பு பட்டா..."

அஞ்சலை டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு வுழுந்தா செவக்கும்னு எனக்குச் சொல்றீங்களா? எங்க தெருவுல ஆலாத்தி கரைக்கறதே நான்தாங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். அஞ்சலையும் சிரித்தார்.

"செவந்தா செவக்கட்டும். கிழிஞ்சா தெச்சுக்கலாம். கையில குடுங்க."

"பிரிச்சுடுங்க சேகர்" என்றார் டீச்சர்.

எத்தனையோ வருடம் கேட்ட சொல். அன்று அதைச் சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்துச் சுவர் ஓரமாக மடக்கி வைத்தார்.

படத்தைச் சாய்த்து இறக்கி, நிழலில் தரையில் படுக்கவைத்தோம். இந்த மாதிரி வேலையில் கத்தி எடுக்கக் கூடாது. மூங்கில் சிம்பைத் தேய்த்து முனை மழுக்கிக்கொண்டேன். வெந்நீரில் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, புடவையின்மேல் பரப்பி, மேலே சாக்கைப் போட்டுச் சூடு இறங்காமல் மூடினேன். காத்திருப்பதுதான் கஷ்டம். கை பரபரக்கும். முன்னால் தூக்கினால் நூல் விட்டுவிடும். பசை திரும்பக் கண்ணாடியாக நெகிழும்வரை விட்டு, ஒரு மூலையில் சிம்பை நுழைத்து, புடவையை மேலே இழுக்காமல், அதன்மேலேயே பாய் சுருட்டுகிற மாதிரி தாழ்வாகச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். அஞ்சலை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நான் சொல்லாமலே சுருட்டின ஓரத்தைத் தாங்கிப் பிடித்தார். டீச்சர் துணி பிழிந்தார். ஏழுமலை அடுப்புக்கும் எங்களுக்கும் வெந்நீர் சுமந்தார்.

உச்சி வெயிலில் அது தொடங்கியது. கறையின் ஒரு விளிம்பில், முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நகர்ந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அஞ்சலை குனிந்து பார்த்து, விரலால் அதைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"செவக்குது" என்றார்.

"நல்லதுதானே?" என்று ஏழுமலை பயந்துபோய்க் கேட்டார்.

"நல்லதுதான். நீ தண்ணியக் கொண்டா."

வெள்ளைப் பசை கலந்த ஓரம்தான் படுத்தியது. எத்தனை முறை ஒத்தடம் கொடுத்தும், கரையில் ஒரு துண்டு அசையவே இல்லை. கடைசியில் அந்த இடத்தில் நூல் விட்டது. துண்டு படத்திலேயே நின்றுவிட்டது. சிம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"அது?" என்று ஏழுமலை காட்டினார்.

அஞ்சலை அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார். "வுடுய்யா. வர இஷ்டமில்லபோல."

அலச வேண்டாம் என்று அஞ்சலையே சொல்லிவிட்டார், மஞ்சள் போய்விடும் என்று. நிழலில் கொடி கட்டிக் காயவைத்தோம். பசையோடு காய்ந்த புடவை, அப்பளம் மாதிரி விறைத்துப்போனது. மடிக்க வரவில்லை. மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனார் அஞ்சலை. போகும்போது, "திங்கக்கெழம ரெண்டு பேரும் வந்துடணும். சாப்பாட்டு நேரத்துக்கு வராதீங்க, தாலி கட்டறதுக்கே வாங்க" என்றார்.

பொழுது இருந்தது. படத்தைத் திரும்ப நிறுத்தினோம். நடுவில் அடிச் சாக்கு தெரிய ஒரு ஓட்டை. ஓரத்தில் அரக்குத் துண்டு. சுற்றிலும் சிவப்பு கசிந்த சுண்ணாம்பு. டீச்சர் தகரத்தை வைத்துப் பார்த்தார். வேறு புடவை வைத்துப் பார்த்தார். அதில் மஞ்சள் தடவச் சொன்னார், தடவினேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, "இது பொய்" என்று அவரே பிடுங்கினார். செம்மண் அப்பினோம், வழித்தோம். ஒவ்வொன்றையும் நான் குண்டூசியால்தான் குத்தினேன். அன்று பசை காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றவன், திரும்பி வந்து ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போனேன். நான் ஏதாவது செய்திருக்கலாமோ என்றுதான். என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை தெரியவில்லை.

கௌசல்யா, டப்பாப் பசை நல்ல பசைதான். எனக்கு அதன்மேல் ஒன்றும் கோபம் இல்லை. அன்று நடுவிலும் அந்த மாதிரிப் பசை இருந்திருந்தால் அஞ்சலை கையில் என்ன கொடுத்திருப்போம் என்பதை மட்டும் யோசித்துப் பார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. படத்தை ஓட்டையோடு ஏற்றினோம். டிரைவர், ஏற்றும்போதே நடுவில் கிழிந்திருந்தது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். டீச்சர் போட்டுக் கொடுத்தார். பசைக்கு மாவு தீர்ந்திருந்தது, நான் சின்னசேலம் பஸ் ஏறினேன்.